துரைசாணியின் கிண்ணமும் தோட்டக்காரனின் கிழங்கும்

மஸ்கெலியாவிலிருந்து நல்லதண்ணிக்கு வரும் பாதையில் லயங்களின் முன்வாசலைக் கவனித்தவர்கள் ஒன்றைக் கண்டிருப்பார்கள். தகரக் கூரையிலிருந்து மழைநீர் சொட்டும் கானுக்கும் நடைபாதைக்கும் இடையே ஒரு முழ அகலம் மண் இருக்கும். அந்த ஒரு முழ மண்ணிலே சிவப்பும் மஞ்சளும் ஊதாவுமாக டேலியாக்கள் தலைகனத்துச் சாய்ந்து நிற்கும். மார்கழியிலிருந்து சித்திரை வரை, சிவனொளிபாத மலைக்கு ஏறவரும் யாத்திரிகர்கள் வண்டியிலிருந்தபடியே அவற்றைப் பார்த்து, “இந்த ஏழைகளுக்குத்தான் என்ன அழகுணர்ச்சி!” என்று சொல்லிப் போகிறார்கள். வியப்பதில் குற்றமில்லை. ஆயின் அந்தக் கிழங்கு அந்த வாசலுக்கு எவ்வழியே வந்தது, யார் கையால் வந்தது என்று கேட்டவர்களை நான் இதுவரை கண்டதில்லை.

டேலியாவின் தாயகம் மெக்சிகோவின் மலைநாடு. ஸ்பானியர் அந்நாட்டைப் பிடித்தபின், 1570களில் அங்கே அனுப்பப்பட்ட பிரான்சிஸ்கோ எர்னாந்தெஸ் என்ற மருத்துவர் அச்செடியைப் பற்றி எழுதிவைத்தார். இரண்டு நூற்றாண்டுகள் கழித்து, 1789இல் அதன் விதைகள் மாட்ரிட் நகரின் தாவரத் தோட்டத்தை அடைந்தன. கவனில்யெஸ் என்ற பாதிரியார் 1791இல் அதற்குச் சுவீடன் தேசத்துத் தாவரவியலாளர் ஆந்திரேயாஸ் டாலின் பெயரைச் சூட்டினார். மெக்சிகோவின் பழங்குடி மக்கள் அதற்கு வழங்கிய பெயர்கள் ஏடுகளில் ஒதுங்கின. அச்செடியை மெக்சிகோவில் கண்டே இராத ஒருவரின் பெயர் உலகெங்கும் பரவியது. ஐரோப்பியர் முதலில் அக்கிழங்கை உருளைக்கிழங்கைப் போல் உண்ணலாமா என்று சோதித்துப் பார்த்தார்கள். சுவை பிடிக்கவில்லை. பிறகுதான் பூவுக்கு மதிப்பு வந்தது.

நிலத்தடியில் உணவைச் சேமித்து உறங்கும் இத்தகைய செடிகளுக்கு வணிகன் கண்ணில் ஒரு தனிச் சிறப்பு உண்டு. வேரோடு பெயர்த்த செடி கப்பலில் வாடிவிடும். கிழங்கோ மூட்டையில் கிடந்து மாதக்கணக்கில் கடல் கடக்கும். வெங்காயம்போல் செதில் செதிலாக அமைந்த குமிழம் இன்னும் வசதியானது. எண்ணலாம், நிறுக்கலாம், விலை பேசலாம். ஹாலந்து தேசத்திலே டியூலிப் குமிழங்களை மண்ணில் இருக்கும்போதே கடுதாசியில் விற்று வாங்கிச் சூதாடியதும், 1637 பெப்ரவரியில் அந்த விலைகள் ஒரேயடியாகச் சரிந்ததும் பொருளியல் மாணவர்கள் அறிந்த கதை. அடுத்த ஆண்டே, 1638இல், அதே ஹாலந்து வணிகரின் கம்பனி மட்டக்களப்புக் கோட்டையைப் போர்த்துக்கீசரிடமிருந்து பறித்தது. ஒன்றுக்கு மற்றது காரணம் என்று நான் கூறவில்லை; இரண்டும் ஒரே வகுப்பாரின் செயல்கள் என்று மட்டும் குறிக்கிறேன். (டியூலிப் நம் மலைநாட்டுக்கு ஒத்துவராது. மண்ணுக்குள் பல வாரங்கள் கடுங்குளிரை அனுபவித்தால்தான் அது பூக்கும்.)

இனி நமது மலைக்கு வருவோம். பிரித்தானியர் பேராதனைத் தோட்டத்தை 1821இல் அமைத்தார்கள். தென்னமெரிக்க அந்தீஸ் மலையிலிருந்து கொண்டுவந்த சிங்கோனாவைப் பயிரிடவென்று ஹக்கலைத் தோட்டத்தை 1861இல் திறந்தார்கள். பேராதனையில் மாணவனாக இருந்த காலத்தில் மாலைதோறும் அத்தோட்டத்தில் உலாவி, அதனை அறிவின் கோயில் என்றே எண்ணியிருந்தேன். அறிவு அங்கே வளர்ந்தது உண்மை. எந்தச் செடி எந்தக் குடியேற்றத்தில் இலாபம் தரும் என்று கணக்குப் பார்க்கும் கடைவீதியாகவும் அது இருந்தது என்பதைப் பின்னரே உணர்ந்தேன். 1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டம், உறுதிப்பத்திரம் காட்ட முடியாத காடுகளையும் தரிசுகளையும் முடிக்குரியவை என்று கருத வழிசெய்தது. காடு கோப்பித் தோட்டமாயிற்று. 1869இல் தோன்றிய இலைநோய் கோப்பியை அழித்தது. தேயிலை அந்த இடத்தைப் பிடித்தது. மரம் மாறினும் கை மாறவில்லை. திருச்சிராப்பள்ளி, சேலம், புதுக்கோட்டைச் சீமைகளிலிருந்து பஞ்சம் துரத்த மன்னார்க் கரையில் இறங்கி, காட்டுவழியே நடந்து, வழியிலே பலரைப் புதைத்துவிட்டு மலையேறிய மக்களின் கைதான் கோப்பிக்கும் தேயிலைக்கும் ஊழியம் செய்தது.

அந்த மலைச்சரிவின் உச்சியில் துரை பங்களாவைக் கட்டினான். பங்களாவுக்கு முன்னே புல்வெளி, புல்வெளியின் ஓரத்தில் பூப்பாத்தி. அங்கே மெக்சிகோவின் டேலியா, தென்னாப்பிரிக்காவின் கிளாடியோலஸ், ஆரம் லில்லி, அகபாந்தஸ், இமயச் சாரலின் இஞ்சிலில்லி ஆகியவை வரிசையாக நின்றன. பிடிக்கப்பட்ட நாடுகளின் படம் ஒரு பாத்தியிலே விரிந்திருந்தது என்று சொன்னால் மிகையாகாது. அவற்றுட் சில பாத்தியைவிட்டு ஓடியும் போயின. ஆரம் லில்லியை இன்று மலைநாட்டு ஓடைக்கரைகளில் எவரும் நடாமலே காணலாம்.

அந்தப் பாத்தியைக் கொத்தியவன் யார்? பெரட்டுக்களத்திலிருந்து பங்களாவுக்கு அனுப்பப்பட்ட தொழிலாளி. என் தாத்தா அவர்களில் ஒருவர். இளவயதிலிருந்து பங்களாத் தோட்டக்காரராக இருந்தவர். நான் கீழே கூறுவன பெரும்பாலும் அவர் வாயால் கேட்டவை.

துரைசாணியிடம் ஆங்கிலத் தோட்டக்கலைப் புத்தகம் ஒன்று இருந்தது. முதல் உறைபனி விழுந்து செடி கருகியபின் டேலியாக் கிழங்கைத் தோண்டி எடுத்து, வசந்தம் வரும்வரை பத்திரப்படுத்த வேண்டும் என்று அப்புத்தகம் சொல்லிற்று. நல்லதண்ணியில் உறைபனி ஏது? இங்கே கிழங்கின் பகைவன் மழை. வைகாசி பிறந்து தென்மேற்குப் பருவக்காற்று எழுந்தால் ஆவணி வரை மண் காய்வதில்லை. மெக்சிகோவின் கிழங்கு ஈரமில்லாப் பருவத்தில் உறங்கிப் பழகியது. உறங்கும்போது நனைந்தால் அழுகிவிடும். புத்தகத்தை நம்பி உறைபனிக்குக் காத்திருந்த ஆண்டில் பாத்தி முழுவதும் கூழாயிற்றாம். பழி தோட்டக்காரர்மீது விழுந்தது. அரைப் பேர் போட்டார்கள். அதாவது அன்றைய கூலியிற் பாதி போயிற்று.

அதன்பின் தாத்தா புத்தகத்தைக் கேட்கவில்லை, மலையைக் கேட்டார். வெசாக் முடிந்து மலைப்பாதையின் விளக்குகள் அணைந்ததும் தண்டை ஒரு சாண் விட்டு அறுத்து, முள்ளினால் தூரத்தே குத்தி நெம்பிக் கிழங்குக் கொத்தை எடுப்பார். தண்டு உள்ளே குழல்போல் இருப்பதால் அதில் நீர் தங்கி அடிக்கிழங்கை அழுக வைக்கும். ஆகையால் கொத்தைத் தலைகீழாகச் சில நாள் நிழலிற் சாய்த்து வைப்பார். பின்பு ஆறிய அடுப்புச் சாம்பலில் புதைத்து, அடுப்புக்கு மேலே புகைபடும் இடத்தில் சாக்கில் கட்டித் தொங்கவிடுவார். புரட்டாசியில் மழை தணிந்ததும் கொத்தைப் பிரிப்பார். உருளைக்கிழங்கைப் போல் டேலியாக் கிழங்கின் உடலெங்கும் கண் இராது. பழைய தண்டோடு சேர்ந்த கழுத்திலேதான் முளை உண்டு. கழுத்துத் துண்டு இல்லாத கிழங்கு எவ்வளவு பருத்திருந்தாலும் பயன் இல்லை. “கொழுத்திருக்கிறதைப் பார்க்காதே, கண் இருக்கிறதான்னு பாரு” என்பார் அவர்.

நடவு முறையும் தேயிலை மலையிற் கற்றதுதான். சரிவுக்குக் குறுக்காகக் கான் வெட்டி நீரை வடிய விட்டார். பாத்தியைச் சாண் உயரம் எழுப்பினார். செடியில் நான்கு சோடி இலை வந்ததும் கொழுந்தைக் கிள்ளினார். அப்படிக் கிள்ளினால் பக்கக் கிளைகள் எழும் என்பதைக் கொழுந்து பறிக்கும் எந்தப் பெண்ணும் அறிவாள். காட்சிக்கு வைக்கும் பெரிய பூ வேண்டுமானால் ஒவ்வொரு கிளையிலும் நடுமொட்டை மட்டும் விட்டுப் பக்கமொட்டுகளை நீக்க வேண்டும். ஓடில்லா நத்தைக்குச் செடியைச் சுற்றிச் சாம்பல் வளையம் இட்டார். மழை கரைக்க மீண்டும் இட்டார். புரட்டாசியில் நட்டது மார்கழிப் பௌர்ணமிக்கு, மலையின் பருவம் தொடங்கும் நாளுக்குப் பூத்தது. இந்தக் கணக்கு எந்த ஆங்கிலப் புத்தகத்திலும் இல்லை.

சித்திரை மாதத்தில் ஒரு மலர்க்காட்சி நடக்கும். தாத்தா வளர்த்த சிவப்பு டேலியா ஓராண்டு முதற்பரிசு பெற்றது. வெள்ளிக் கிண்ணத்தில் துரைசாணியின் பெயரைப் பொறித்தார்கள். அதைப்பற்றி அவர் கசப்போடு பேசியதில்லை. “கிண்ணத்தை வாரம் ஒருக்கா துலக்கினதும் நான்தான்” என்று சிரிப்பார். அந்தச் சிரிப்பை நான் சிறுவனாக இருந்தபோது விளங்கிக்கொள்ளவில்லை.

பிரித்தபோது மிஞ்சிய துண்டுகள் குப்பைக்குழிக்குப் போக வேண்டியவை. அவற்றை அவர் மடியிற் கட்டி லயத்துக்குக் கொண்டுவந்தார். அவர் ஒருவர் மட்டுமல்லர். அப்பு கொண்டுவந்தார், பிள்ளை பார்க்கும் ஆயா கொண்டுவந்தாள். மணமாகி அடுத்த தோட்டத்துக்குப் போன பெண் சீர்வரிசைக் கூடையின் அடியில் இரண்டு கிழங்கை வைத்துக்கொண்டு போனாள். காசு கொடுத்து எவரும் வாங்கவில்லை. பங்களாவிலிருந்து லயத்துக்கும், லயத்திலிருந்து லயத்துக்கும் டேலியா நடந்தே பரவியது. மஸ்கெலியாப் பகுதியின் லயங்களிலே ஒரே சிவப்பு திரும்பத் திரும்பத் தென்படுவது ஏன் என்று இப்போது விளங்குகிறதல்லவா? கிழங்கிற் பிரித்த செடி தாயின் அச்சு மாறாதது.

ஆண்டுக்கு ஆண்டு ஒரே இடத்தில் முளைக்கும் செடியை நடுகிறவன், அடுத்த ஆண்டும் தான் அங்கே இருப்பான் என்று நம்புகிறான். அந்த நம்பிக்கைக்குத்தான் சட்டம் கொள்ளி வைத்தது. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் மலையக மக்களிற் பெரும்பாலோரை நாடற்றவராக்கிற்று. 1949இன் 3ஆம் இலக்கச் சட்டம் ஒரு வாயிலைத் திறந்தது போலத் தோன்றியது. 1946 ஜனவரி 1க்கு முன்னர் மணமானவர் 7 ஆண்டும் மற்றவர் 10 ஆண்டும் இடைவிடாது இந்நாட்டில் வாழ்ந்ததை மெய்ப்பிக்க வேண்டும் என்றது. பிறப்புப் பதிவு எங்கே? தலைமன்னார்ச் சீட்டு எங்கே? லயத்தில் வாழ்ந்தவனிடம் காகிதம் இல்லை. அவன் வாசலில் இருபது ஆண்டாக முளைத்துவந்த செடியை எந்த ஆணையாளரும் சாட்சியாக ஏற்கவில்லை.

1964 அக்டோபர் 30ஆம் நாள் சிறிமாவோவும் சாஸ்திரியும் ஒப்பந்தம் செய்தார்கள். 9,75,000 மக்கள்; இந்தியாவுக்கு 5,25,000, இலங்கைக்கு 3,00,000, மீதி 1,50,000 பேர் பின்னர் பார்த்துக்கொள்ளலாம். 1974இல் அந்த மீதியையும் ஆளுக்குப் பாதி என்று பங்கிட்டுக்கொண்டார்கள். கிழங்குக் கொத்தைப் பிரிக்கும்போதுகூட என் தாத்தா கண் எங்கே இருக்கிறது என்று பார்த்துத்தான் கத்தி வைப்பார். இவர்கள் தாயையும் பிள்ளையையும், அண்ணனையும் தம்பியையும் பாராமலே வெட்டினார்கள். என் பாட்டியின் தமக்கை குடும்பம் ஹட்டனில் ரயிலேறி, தலைமன்னாரில் கப்பலேறிக் கூடலூருக்குப் போயிற்று. அவர் பித்தளைக் குடத்துக்குள் அரிசியோடு அரிசியாக நான்கு டேலியாக் கிழங்கை மறைத்துக்கொண்டு போனார். நீலகிரியில் அவை பிடித்துக்கொண்டன என்று முதற் கடிதத்திலேயே எழுதச் சொல்லியிருந்தார். கூலி, வீடு, குளிர் என்ற செய்திகள் அதற்குப் பிறகுதான் வந்தன.

இவ்விடத்தில் தமிழாசிரியன் என்ற முறையில் ஒரு வார்த்தை சொல்லிக்கொள்கிறேன். வகுப்பிலே குறிஞ்சித் திணை நடத்தும்போது காந்தளைச் சொல்லாமல் இருக்க முடியாது. கபிலரின் குறிஞ்சிப்பாட்டு அடுக்கும் பூக்களில் முதலில் நிற்பது காந்தளே. அதுவும் கிழங்குச் செடி. கலப்பையைப் போல் வளைந்த அதன் கிழங்கு ஒவ்வோராண்டும் புதிய கிழங்கை ஈன்றுவிட்டுத் தான் மடிகிறது. கிழங்கிலும் விதையிலும் கொல்சிசின் என்ற கொடிய நஞ்சு உண்டு. கீல்வாத நோய்க்கு மருந்தாவதும் அதுவே. தமிழ்நாட்டிலே திண்டுக்கல், கரூர் வட்டாரங்களில் விதைக்காக அதனை வயல்களிற் பந்தலிட்டு வளர்க்கிறார்கள். இவ்வளவையும் மாணவர்களுக்குச் சொன்னபின், “சேர், எங்க வாசல்ல இருக்கிற பூவுக்குப் பாட்டு இல்லையா?” என்று ஒரு மாணவி கேட்டாள். நான் தடுமாறினேன். இக்கட்டுரை அந்தத் தடுமாற்றத்திலே பிறந்தது.

1972, 1975ஆம் ஆண்டுகளின் காணிச் சீர்திருத்தச் சட்டங்களால் தோட்டங்கள் அரசின் கைக்கு வந்தன. 1992இல் நிர்வாகம் மீண்டும் கம்பனிகளுக்குப் போயிற்று. பங்களாக்கள் பல இன்று சுற்றுலா விடுதிகளாகிவிட்டன. தாத்தா வேலை செய்த பங்களாவின் பாத்தியில் இப்போது சட்டிச் செடிகள் வைத்திருக்கிறார்கள். தனிவீட்டுத் திட்டத்தில் சில குடும்பங்களுக்கு 7 பேர்ச் நிலம் கிடைத்திருக்கிறது. லயத்தில் வாழ்வோர் இன்னும் ஏராளமானோர். அவர்களுக்கு அந்த ஒரு முழ மண்ணும் பிறர் சொத்துத்தான்.

கேள்வி கேட்ட மாணவி சென்ற புரட்டாசியில் தன் பாட்டியிடமிருந்து ஒரு கொத்து வாங்கிவந்தாள். பாடசாலைக் கட்டடத்தின் மேற்குப் பக்கம் கான் வெட்டி, ஆறு துண்டு நட்டோம். அவற்றிலே நான்கு முளைத்தன. மூன்று சிவப்பு, ஒன்று வெளிர்மஞ்சள். அது எந்தப் பங்களாவிலிருந்து வந்ததென்று பாட்டியிடம் விசாரித்துவரும்படி சொல்லியிருக்கிறேன்.