பழைய வீடும் வாழும் கைத்தொழிலும்

மதுரை நகரின் மேற்கே நான் குடியிருக்கும் பகுதிக்குக் காளவாசல் என்று பெயர். செங்கல்லும் சுண்ணாம்பும் சுடும் சூளையை நம் மக்கள் காளவாய் என்றும் காளவாசல் என்றும் வழங்குவர். தொழில் மறைந்தாலும் பெயர் நிற்கும். ஆனால் வீடுகள் அவ்வாறு நிற்பதில்லை. பேணுவார் இல்லையேல் அவை விழுந்துவிடும்.

இதற்கு நம் மதுரையே சான்று. திருமலை நாயக்கர் 1636-ஆம் ஆண்டில் எழுப்பிய அரண்மனையின் பெரும்பகுதியை, அவருடைய பேரர் சொக்கநாத நாயக்கர் பெயர்த்துத் திருச்சிராப்பள்ளிக்குக் கொண்டு சென்றார் என்பர். 1866 முதல் 1872 வரை சென்னை மாகாண ஆளுநராக இருந்த நேப்பியர் பிரபு, எஞ்சிய பகுதியைப் பழுதுபார்க்க முனைந்தார். அதனாலேயே இன்று அந்தப் பெருந்தூண்களை நாம் காண முடிகிறது.

அரசனின் மாளிகைக்கு ஆதரவு கிடைத்தது. குடிமக்களின் வீடுகளுக்கு யார் துணை? மதுரைக்குக் கிழக்கே, சிவகங்கை, புதுக்கோட்டை மாவட்டங்களில் பரவியுள்ள செட்டிநாட்டைப் பாருங்கள். கடல் கடந்து வாணிகம் செய்த நகரத்தார், பர்மாத் தேக்கும் இத்தாலியச் சலவைக்கல்லும் கொணர்ந்து, முகப்பு, வளவு, இரண்டாங்கட்டு என அடுக்கடுக்காக வீடு கட்டினர். சுண்ணாம்புடன் முட்டை வெண்கருவும் சேர்த்து மெருகேற்றிய சுவர்கள் இன்றும் பளபளக்கின்றன. 1942-இல் ஜப்பானியர் பர்மாவைக் கைப்பற்றியதும் அச்செல்வம் சரிந்தது. வீடோ பல புள்ளிகளுக்குப் பொதுவாயிற்று. பங்காளிகள் பல ஊர்களில் வாழ, பழுதுபார்க்கும் செலவை ஏற்பார் இல்லை. எனவே பல வீடுகள் இடிக்கப்பட்டன. அவற்றின் தூண்களும் கதவுகளும் காரைக்குடிக் கடைகளில் விலைக்கு வந்தன.

இந்நிலையில் இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, வீட்டைப் பெயர்த்து வேறிடத்தில் நிறுவுவது. சுவீடன் நாட்டில் ஆர்த்தர் ஹசேலியுஸ் என்பார் 1891-இல் ஸ்டாக்ஹோமில் ஸ்கான்சன் என்னும் திறந்தவெளிக் காட்சியகத்தை இவ்வாறு தோற்றுவித்தார். நம் நாட்டில் டெபோரா தியாகராஜன் முயற்சியால், சென்னைக்குத் தெற்கே முட்டுக்காட்டில் தட்சிணசித்ரா 1996-இல் திறக்கப்பட்டது. கட்டடக் கலைஞர் லாரி பேக்கர் அதன் அமைப்புக்குத் துணைநின்றார். இடிபடவிருந்த செட்டிநாட்டு வீடு ஒன்று அங்கே மறுவாழ்வு பெற்றுள்ளது.

மற்றொன்று, இருந்த இடத்திலேயே காப்பது. வியட்நாமின் ஹோய் ஆன் என்னும் பழந்துறைமுக நகரம், தன் மரவீடுகளோடு 1999-இல் உலகப் பாரம்பரியச் சின்னமாயிற்று. அங்கே வீடுகளில் மக்கள் வாழ்கின்றனர், தொழிலும் நடக்கிறது. செட்டிநாட்டு ஊர்த்தொகுதிகளும் 2014-இல் இந்தியாவின் உத்தேசப் பட்டியலில் இடம்பெற்றன.

முதல் வழி அழிவின் விளிம்பில் உதவும். அதை நான் குறைகூறேன். ஆயினும் பெயர்த்த வீட்டோடு தெருவும் ஊருணியும் உறவும் வருவதில்லை. ஆகவே இரண்டாம் வழியே மேலானது என்பது என் கருத்து. ஆனால் அதற்கு ஒரு நிபந்தனை உண்டு: வீட்டைக் கட்டிய கைகளும் பிழைக்க வேண்டும்.

ஆத்தங்குடித் தரைக்கல்லை எண்ணிப் பாருங்கள். அதற்குச் சூளையே வேண்டா. கண்ணாடித் தகட்டின் மேல் அச்சு வைத்து, வண்ணக் குழம்பை ஊற்றி, அதன்மேல் சிமிட்டியும் மணலும் இட்டு, பின்னர் நீரில் ஊறவைப்பர். கண்ணாடியின் வழவழப்பே கல்லின் மெருகாகிறது. அச்சு எவரிடமும் இருக்கலாம். வண்ணத்தை அளவறிந்து ஊற்றும் கை, ஆண்டுக்கணக்கில் பழகியே வரவேண்டும். பனையோலைக் கொட்டான் முடைவதும் அத்தகையதே.

சுற்றுலாப் பயணிகள் வருவது நன்று. ஆனால் அவர்கள் தரும் பணம் விடுதி வாயிலோடு நின்றுவிட்டால், கொத்தனார் மகன் வேறு வேலை தேடிப் போய்விடுவான். பிறகு சுவரில் ஒரு விரிசல் விழுந்தால் பூச ஆள் கிடைக்காது. எனவே ஒவ்வொரு வீட்டின் பழுதுபார்ப்பையும் இளைஞர் சிலருக்குத் தொழில் கற்பிக்கும் பள்ளியாக்குவோம். கையோடு மறைந்த தொழிலை ஏட்டைப் புரட்டி மீட்பது அரிது.