பழைய ஷத்ரஞ்சும் புதிய சதுரங்கமும்

சில ஆண்டுகளுக்கு முன் எங்களூரில் ஒரு நிக்காஹ் வீடு. விருந்து முடிந்து பெரியவர்கள் பந்தல் நிழலில் வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தனர். திண்ணையில் ஒரு முதியவரும் அவருடைய பேரனும் சதுரங்கப் பலகையை விரித்து அமர்ந்தனர். பேரன் முதல் ஆட்டத்திலேயே சிப்பாயை இரண்டு கட்டம் தள்ளினான்.

"ஒரு கட்டந்தான் தம்பி" என்றார் முதியவர்.

"இல்லை அப்பா, முதல் தடவை இரண்டு கட்டம் போகலாம். பள்ளிக்கூடத்தில் அப்படித்தான் சொல்லித் தந்தார்கள்" என்றான் பையன். பாட்டனாரை 'அப்பா' என்றழைப்பது எங்களூர் வழக்கம்.

சற்று நேரத்தில் முதியவர் தம் ராஜாவைக் குதிரையைப் போல் ஒரு முறை தாவவிட்டார். இப்போது பையன் கையைப் பிடித்தான். வாக்குவாதம் முற்றி, "ஹஜ்ரத், நீங்களே தீர்ப்புச் சொல்லுங்கள்" என்று என்னிடம் வந்தனர். இருவரும் முறைப்படியே ஆடுகிறீர்கள், ஆனால் இரு வேறு ஆட்டங்களை ஆடுகிறீர்கள் என்றேன். பையன் நம்பவில்லை. அன்று அவனுக்குச் சுருக்கமாகச் சொன்ன வரலாற்றை இங்கே சற்று விரித்துரைக்க விழைகிறேன்.

தொடங்குமுன் ஒரு வார்த்தை. இவ்விளையாட்டைப் பற்றி மார்க்க அறிஞர்களிடையே கருத்து வேற்றுமை உண்டு. சூதாட்டம் கலவாமலும் தொழுகையை மறக்கச் செய்யாமலும் இருப்பின் அது மக்ரூஹ் என்பது ஷாஃபிஈ மத்ஹபின் நிலை. ஏனைய மத்ஹபுகளின் அறிஞர்களில் பெரும்பான்மையோர் அதைத் தடுத்தே உரைத்தனர். நான் இங்கு ஃபத்வா கூற வரவில்லை. நம் முன்னோரின் அறிவு வரலாற்றில் ஓர் ஏட்டைப் புரட்டிப் பார்க்கவே வந்தேன்.

பக்தாதின் ஆட்டம்

இந்திய மண்ணில் சதுரங்கமாகப் பிறந்து, ஈரானில் 'சத்ரங்' என வழங்கி, அரபியரிடம் 'ஷத்ரஞ்ச்' ஆன இவ்விளையாட்டு, அப்பாஸிய கலீஃபாக்களின் காலத்தில் ஒரு கலையாகவே வளர்ந்தது. ஆட்டக்காரர்களைத் தரம் பிரித்தனர். முதல் தரத்தாரை 'ஆலியா' என்றனர். ஹிஜ்ரி மூன்றாம் நூற்றாண்டில் அல்-அத்லீ என்பார் ஷத்ரஞ்ச் பற்றித் தனி நூலே யாத்தார். அவரும் கலீஃபா முதவக்கிலின் (கி.பி. 847–861) அவையில் அர்-ராஸீ என்னும் ஆட்டக்காரரிடம் தோற்றார்.

இவர்கள் அனைவரையும் விஞ்சியவர் அபூபக்ர் முஹம்மத் பின் யஹ்யா அஸ்-ஸூலீ. 'அதபுல் குத்தாப்' என்னும் நூலின் ஆசிரியர் என்ற முறையில் அரபு இலக்கியம் பயின்றோர் அவரை அறிவர். கலீஃபா அல்-முக்தஃபீயின் (902–908) முன்னிலையில், கலீஃபாவின் அபிமானத்துக்குரிய ஆட்டக்காரரான அல்-மாவர்தீயை அவர் வென்றார். இந்த மாவர்தீ சட்டமேதை இமாம் மாவர்தீ அல்லர். இமாம் அவர்கள் பிற்காலத்தவர்.

அவர்கள் ஆடிய ஆட்டம் இன்றைய ஆட்டமன்று. ஷாஹ் (ராஜா), ருக் (தேர்), ஃபரஸ் (குதிரை) ஆகியவை இன்றுபோலவே நகர்ந்தன. ஆனால் இன்று ராணி நிற்குமிடத்தில் நின்றது 'ஃபிர்ஸ்' என்னும் மந்திரி. அது மூலைவாட்டில் ஒரே ஒரு கட்டம் நகரும் எளிய காய். ராஜா, மந்திரி இருவருக்கும் பக்கத்தில் நின்றது 'ஃபீல்', அதாவது யானை. அது மூலைவாட்டில் சரியாக இரண்டாவது கட்டத்துக்குத் தாவும். ஆகவே 64 கட்டங்களில் ஒரு யானை மிதிக்கக் கூடியவை எட்டே கட்டங்கள்தாம். பலகையிலுள்ள நான்கு யானைகளும் ஒன்றையொன்று ஒருபோதும் வெட்ட முடியாது. 'பைதக்' என்னும் காலாள் எப்போதும் ஒரு கட்டமே முன்னேறும். எதிர்க்கரையை எட்டினால் மந்திரியாகலாம், வேறெதுவும் ஆக முடியாது. எதிரியின் படை முழுவதையும் வெட்டி ஷாஹைத் தனிமைப்படுத்தினாலும் வெற்றியே.

இப்படி அமைந்த ஆட்டம் மெல்லத்தான் நடக்கும். படைகள் மோதுவதற்கே பல நகர்த்தல்கள் ஆகும். எனவே எதிரியை எட்டுமுன் தத்தம் படையை அணிவகுத்துக்கொள்ளும் கலை வளர்ந்தது. அவ்வணிவகுப்புக்கு 'தஃபியா' என்று பெயர். 'முஜன்னஹ்' (சிறகுடையது), 'ஸைஃப்' (வாள்) என்பன போன்ற பெயர்களால் அவை வழங்கின. இன்றும் உலகச் சதுரங்க வீரர்கள் நன்கறியப்பட்ட ஒரு தொடக்க நிலையைத் 'தபியா' என்கின்றனர். பலருக்கு அது அரபுச் சொல் என்பதே தெரியாது.

ஸூலீ இறுதிக்கட்டப் புதிர் ஒன்றை அமைத்தார். பலகையில் நான்கே காய்கள். ஒவ்வொரு பக்கத்துக்கும் ஒரு ஷாஹ், ஒரு ஃபிர்ஸ். தாம் கற்பித்தோரைத் தவிர வேறெவராலும் இதை விடுவிக்க இயலாது என்று அவர் அறிவித்தார். அவர் பஸராவில் கி.பி. 946 அளவில் மறைந்தார். ஆயிரம் ஆண்டுகள் கழித்து, 1980களில், ரஷ்ய வல்லுநர் யூரி ஆவெர்பாஹ் அதன் விடையை நிறுவினார். ஒன்றைக் கவனிக்க வேண்டும். இன்றைய விதிப்படி அந்த நான்கு காய்களையும் வைத்தால் அங்கே புதிரே இல்லை. ஃபிர்ஸின் பலவீனத்தில்தான் அதன் நுட்பம் முழுவதும் அடங்கியிருக்கிறது.

ஸ்பெயினில் பிறந்த புதுமை

முஸ்லிம்கள் வழியே ஷத்ரஞ்ச் அந்தலுஸை அடைந்தது. ஸ்பானிய மொழியில் அதன் பெயர் 'அஹெத்ரேஸ்' என்பதும், ஒரு காயின் பெயர் 'அல்ஃபில்' என்பதும் அந்த உறவின் சான்றுகள். 1283இல் அரசன் பத்தாம் அல்ஃபோன்ஸோ எழுதுவித்த விளையாட்டு நூலிலுள்ள சதுரங்கப் புதிர்களில் பெரும்பகுதி அரபு மரபைச் சேர்ந்தவை.

ஏறத்தாழ இருநூறு ஆண்டுகளுக்குப் பின் வாலென்ஸியா நகரில் ஒரு மாறுதல் தெரிகிறது. 1475ஐ ஒட்டி அங்கே மூன்று கவிஞர்கள் இயற்றிய ஒரு பாடல், புதிய விதிப்படி ஆடப்பட்ட ஓர் ஆட்டத்தை வருணிக்கிறது. ஒரு கட்டமே நகர்ந்த மந்திரி, எத்திசையிலும் எத்தனை கட்டமும் பாயும் ராணியாகிவிட்டது. எட்டுக் கட்டங்களில் சிறைப்பட்டிருந்த யானை, மூலைவாட்டில் தடையின்றி ஓடத் தொடங்கியது. பிரெஞ்சுக்காரர் இதனை 'வெறிகொண்ட ராணியின் ஆட்டம்' என்றே அழைத்தனர்.

மாற்றம் சிறிதெனத் தோன்றலாம். விளைவோ பெரிது. சில நகர்த்தல்களிலேயே ராஜா மாட்டிக்கொள்ளும் அபாயம் வந்தது. நிதானமாகப் படை வகுக்க அவகாசம் இல்லாமற் போயிற்று. முன்பு கரை சேர்ந்த காலாள் ஓர் எளிய மந்திரியாயிற்று. இப்போது அதுவே பேராற்றல் கொண்ட ராணியாகும். ஆகவே ஒற்றைக் காலாளின் முன்னேற்றமே ஆட்டத்தை முடிவுசெய்தது. விரைவை விரும்பியோர் இதைத் தழுவினர். அச்சு இயந்திரம் புதிதாகப் பரவிவந்த காலமாதலால் புதிய ஆட்டத்தின் நூல்களும் விரைந்து பரவின.

அந்நாளில் ஆட்டக்காரர்கள் இரண்டில் எதைத் தேர்ந்தனர் என்பதற்கு அழகிய சான்றொன்று உண்டு. 1497இல் ஸலமான்கா நகரில் லூஸெனா என்னும் இளைஞர் ஒரு சதுரங்க நூலை அச்சிட்டார். அதில் 150 புதிர்கள். சிலவற்றை 'ராணியின் ஆட்டம்' என்றும், சிலவற்றைப் 'பழைய ஆட்டம்' என்றும் அவர் குறித்துச் சென்றார். புதுமையை ஏற்றவரே பழமைக்கும் தம் நூலில் இடம் ஒதுக்கினார். எந்த விதி என்பதை முதலில் சொல், பிறகு ஆடு என்பதே அவர் கையாண்ட முறை. ஆயினும் அடுத்த சில தலைமுறைகளில் ஸ்பெயினிலும் இத்தாலியிலும் பழைய ஆட்டம் வழக்கொழிந்தது.

கிழக்கு நாடுகளில் பழைய முறை நெடுநாள் நீடித்தது. ஆனால் அங்கிருந்தும் ஒருவர் புதிய ஆட்டத்தில் பெயர் பெற்றார். ஹலப் நகரத்தவரான பிலிப் ஸ்டாமா, 1737இல் பாரிஸில் 100 இறுதிக்கட்டப் புதிர்களைக் கொண்ட நூலை வெளியிட்டார். புதிர் அமைப்பது அரபியரின் தொன்மையான கலை. அதைப் புதிய விதிகளுக்குள் அவர் கொண்டுவந்தார். கட்டங்களை எழுத்தாலும் எண்ணாலும் குறிக்கும் முறையையும் அவர் கையாண்டார். இன்று உலகம் முழுவதும் வழங்குவது அம்முறையின் வழிவந்ததே.

இந்தியாவில் இரு முறைகள்

நம் நாட்டின் கதை வேறு. இங்கே மந்திரி வலிமை பெற்ற பின்னரும் சில பழைய விதிகள் நிலைத்தன. சிப்பாய் ஒரு கட்டமே நகரும். ராஜா ஒரு முறை குதிரைத் தாவல் தாவலாம். கரை சேர்ந்த சிப்பாய், அந்த வரிசைக்குரிய காயாகவே மாறும். திண்ணையில் அந்த முதியவர் ஆடியது இதுவே.

ஆங்கிலேயர் தம் விதிகளையும் கொண்டுவந்தனர். பிரேம்சந்தின் சிறுகதையை சத்யஜித் ராய் 1977இல் படமாக்கியபோது இதையே ஓர் உருவகமாக அமைத்தார். 1856இல் ஆங்கிலேயர் அவதை விழுங்கியபின், லக்னோவின் இரு நவாபுகளும் ஆங்கில முறைப்படி ஆடத் தொடங்குவதோடு படம் முடிகிறது. அங்கே புதிய விதி தோற்றவனின் தலைமேல் வந்து விழுகிறது.

ஆனால் தாமே விரும்பிக் கற்றவரும் உண்டு. பஞ்சாபில் குஷாப் அருகே மிட்டா திவானா என்னும் ஊரில் பிறந்த மீர் சுல்தான் கான், இளமையில் தந்தையிடம் இந்திய முறையைப் பயின்றார். ஐரோப்பிய முறையை அவர் கற்றது 1926ஐ ஒட்டித்தான். சர் உமர் ஹயாத் கானின் ஆதரவில் 1929இல் லண்டன் சென்று, அவ்வாண்டே பிரிட்டிஷ் சாம்பியன் பட்டம் வென்றார். 1932, 1933 ஆண்டுகளிலும் அவரே வென்றார். 1930–31 ஹேஸ்டிங்ஸ் போட்டியில் முன்னாள் உலகச் சாம்பியன் காப்பாப்ளாங்காவைத் தோற்கடித்தார். அதே குடும்பத்தைச் சார்ந்து வந்த ஃபாத்திமா என்னும் இளம் பெண், 1933இல் பிரிட்டிஷ் மகளிர் பட்டத்தை வென்றார்.

சுல்தான் கானின் தொடக்க ஆட்டம் தளர்ந்திருந்தது என்பர். விரைந்து மோதும் ஐரோப்பியத் தொடக்கங்கள் அவருக்குப் புதியவை. ஆனால் நடுவாட்டத்திலும் இறுதிக்கட்டத்திலும் அவருடைய பொறுமை எதிரிகளைத் திணறடித்தது. மெல்ல நடக்கும் பழைய ஆட்டத்தில் தேறிய பொறுமை அது என்றே நான் கருதுகிறேன். 1933இன் இறுதியில் நாடு திரும்பியவர், 1966இல் பாகிஸ்தானில் மறைந்தார். 2024இல்தான் உலகச் சதுரங்கக் கூட்டமைப்பு அவருக்குக் கௌரவ கிராண்ட் மாஸ்டர் பட்டம் அளித்தது.

பின்னர் தமிழகத்தின் மானுவல் ஆரோன் 1961இல் இந்தியாவின் முதல் சர்வதேச மாஸ்டரானார். அவர் காலத்தில் உலக விதிகள் நாடெங்கும் வேரூன்றின. பழைய முறை திண்ணைகளோடு நின்றது.

முடிவுரை

புதிய ஆட்டம் சிறந்ததா, பழையது சிறந்ததா என்ற கேள்விக்கு வரலாறு ஒற்றை விடை தரவில்லை. விரைவை நாடியவர் புதியதைத் தேர்ந்தனர். நிதானத்தை நாடியவர் பழையதைப் பேணினர். உலகோடு ஆட வேண்டுமாயின் உலகத்தின் விதியைக் கற்றாக வேண்டும். சுல்தான் கான் அதைத் தயங்காமல் செய்தார். ஆனால் பழைய விதியை மறந்துவிட்ட சமுதாயத்துக்கு ஸூலீயின் புதிர் நான்கு மரத்துண்டுகளாகவே தோன்றும். நம் பாட்டிமார் ஓதிய அரபுத்தமிழ்க் கிதாபுகள் பரணில் கிடந்து செல்லரிப்பதும் இவ்வாறே. ஏடு இருக்கிறது, எழுத்தை அறிந்தவர் இல்லை. விதி மறந்தால் நூல் ஊமையாகிவிடும்.

அன்று திண்ணையில் ஒரு சமாதானம் செய்து வைத்தேன். முதல் ஆட்டம் பாட்டனார் முறைப்படி, அடுத்தது பேரன் முறைப்படி. முதலாவதில் பெரியவர் வென்றார், இரண்டாவதில் பையன் வென்றான். மூன்றாவது ஆட்டத்துக்குக் காய்களை அடுக்கும்போது பையன் சற்று யோசித்தான். பிறகு, "அப்பா, அந்த ராஜா தாவுகிற ஆட்டத்தை இன்னொரு தடவை சொல்லிக் கொடுங்கள்" என்றான்.

அதற்குள் அஸர் பாங்கு ஒலித்தது. காய்களை அப்படியே விட்டுவிட்டு மூவரும் பள்ளிவாசலை நோக்கி நடந்தோம்.