பரணின் உயரம்

1934-இல் அமெரிக்காவின் விஸ்கான்ஸின் ராஜ்யம், இரண்டு ஜில்லாக்களில் மட்டும், வில்லுக்கென்று தனி மான் வேட்டைப் பருவம் திறந்தது. அந்த வருஷம் விழுந்தது ஒரே ஒரு மான்! அம்புக்கு 20 கஜத்துக்குள் மான் வர வேண்டும். அதற்குள் மனித வாடை அதன் மூக்குக்கு எட்டிவிடும். பின்னாளில் வில்லாளிகள் மரத்தில் பரண் கட்டியது இதனால்தான்.

எத்தனை அடியில்? மறைந்தால் போதுமென்று 30 அடிக்கு ஏறியவர்களும் உண்டு. (அங்கிருந்து வேடனே விழுந்தால் என்ன ஆகும் என்பது வேறு கதை.) ஆனால் மான் காலடிக்கு வந்துவிட்டால், அத்தனை உயரத்திலிருந்து செங்குத்தாக இறங்கும் அம்பு ஒரு நுரையீரலை மட்டும் துளைத்துப் போகக்கூடும். அந்த மான் உடனே சாகாது. வெகுதூரம் ஓடி, யார் கண்ணிலும் படாமல், எந்தப் புதரிலோ கிடந்து சாகும். இதைக் கண்டவர்கள் 15, 20 அடிக்கு இறங்கி வந்தார்கள். முதுகுக்குப் பின்னால் அடர்ந்த கிளை இருந்தால் அதுவே தாராளம்.