தோட்டத் தொழிலாளரும் குறைந்தபட்சக் கூலியும்



ஒருவன் உழைப்புக்கு இன்ன தொகைக்குக் குறையாத கூலி கொடுக்கப்படல் வேண்டுமென்று அரசாங்கமே விதிப்பது இன்று நமக்கு இயல்பான செய்தி. ஆயின், இலங்கையில் இவ்விதி முதன்முதலாக நகரத்து ஆலைகளிலன்றி, மலைநாட்டுத் தேயிலைத் தோட்டங்களிலேயே வேரூன்றியது என்பது சிந்தனைக்குரியது.

சென்ற நூற்றாண்டின் தொடக்கம்வரை தோட்டத் தொழிலாளியின் கூலியைத் தீர்மானித்தவை இரண்டு: ஒன்று துரையின் விருப்பம், மற்றொன்று கங்காணியின் கடன் கணக்கு. தென்னிந்தியக் கிராமத்திலிருந்து புறப்படும்போதே வழிச்செலவு என்ற பெயரில் கடன் தொடங்கிவிடும். 1889ஆம் ஆண்டுச் சட்டம், மாதச் சம்பளத்தை மாதம் முடிந்து அறுபது நாட்களுக்குள் கொடுத்தாற் போதும் என்றது. அவ்வளவு காலம் காத்திருப்பவன் கடன்படாமல் எங்ஙனம் உண்பான்? தோட்டம் மாறுவதற்கும் கடன் தொகை குறித்த 'துண்டு' தேவைப்பட்டது. புதிய துரை அக்கடனைத் தீர்த்தாலன்றி அவனுக்கு விடுதலை இல்லை. கடனோ அவனுடனேயே புதிய தோட்டத்துக்குச் சென்றது. இத்துண்டு முறை 1921இல் ஒழிக்கப்பட்டது.

அடுத்த ஆண்டில் இந்திய அரசாங்கம் குடியகல்வுச் சட்டமொன்றை இயற்றியது. தன் மக்கள் எந்நாட்டுக்கு எந்நிபந்தனையில் செல்லலாம் என்பதைத் தீர்மானிக்கும் உரிமையை அது பெற்றது. தோட்டங்களுக்கு ஆள் வேண்டும். ஆளை அனுப்புவோர் நியாயமான கூலியைக் கேட்டனர். இந்நெருக்கடியின் விளைவே 1927ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம்.

தோட்ட முதலாளிமாரின் பிரதிநிதிகளும் தொழிலாளர் சார்பானோரும் அடங்கிய சம்பளச் சபைகள் இச்சட்டத்தின்கீழ் அமைந்தன. 1929இல் நடைமுறைக்கு வந்த விகிதப்படி, மலைநாட்டில் ஆணுக்கு நாளொன்றுக்கு 54 சதம், பெண்ணுக்கு 43 சதம், சிறுவருக்கு 32 சதம். தாழ்நாட்டில் இவை 50, 40, 30 சதங்களாயின. கூலியோடு அரிசியின் விலைக்கும் வரம்பு வைக்கப்பட்டது. கூலி உயர்ந்தும் அரிசி விலை ஏறுமாயின் தொழிலாளிக்கு என்ன இலாபம்? இதனை உணர்ந்து செய்த ஏற்பாடு அது.

எனினும் குறைகள் மூன்று இருந்தன. முதலாவது, இச்சட்டம் இந்தியத் தொழிலாளருக்கு மாத்திரமே உரியது. அதே தோட்டத்தில் வேலைசெய்த சிங்களக் கிராமத்தவருக்கு இப்பாதுகாப்பு இல்லை. இரண்டாவது, பெண்ணின் உழைப்பு குறைவாக மதிக்கப்பட்டது; கொழுந்தெடுப்போரிற் பெரும்பாலார் பெண்களே என்பதை நினைவிற் கொள்க. மூன்றாவது, குறைந்தபட்சக் கூலியும் குறைக்கப்படக் கூடியதாயிருந்தது. உலகப் பொருளாதார மந்தம் வந்த 1930களின் தொடக்கத்தில் விகிதங்கள் கீழிறக்கப்பட்டன. அக்காலத்தில் கோ. நடேசய்யர் போன்றோர் தொழிலாளரைச் சங்கமாகத் திரட்டினர்.

1941ஆம் ஆண்டின் சம்பளச் சபைகள் கட்டளைச் சட்டம் முதற் குறையை நீக்கியது. தொழிலாளியின் இனத்தை விடுத்துத் தொழிலின் வகையையே அது அளவுகோலாகக் கொண்டது. முதலாளிமார், தொழிலாளர் ஆகிய இருதிறத்தாரும் சம எண்ணிக்கையில் அமர, அரசாங்கம் நியமிப்போரும் அவர்களுடன் கூடி விகிதத்தை முடிவுசெய்யும் முறை அதில் வகுக்கப்பட்டது. சம்பளப் பதிவேடு வைத்தலும், தொழில் திணைக்கள அதிகாரிகள் அதனைப் பரிசோதித்தலும் விதிக்கப்பட்டன. பெண்களுக்குச் சம சம்பளமோ 1984 வரை காத்திருந்தது.

விகிதத்தை விதிப்பது எளிது. அதனைக் கைக்குக் கொண்டுசேர்ப்பதே அரிது. செக்குரோலில் 'அரைப்பெயர்' விழுந்தால், சட்டத்தில் எழுதிய முழுக்கூலி என்ன பயன்? 2021இல் நாட்சம்பளம் 1000 ரூபாயென விதிக்கப்பட்டபோதும், எத்தனை கிலோ கொழுந்துக்கு ஒரு முழுப்பெயர் என்ற பழைய பிணக்கே மீண்டும் தலைதூக்கியது.

ஆகவே, குறைந்தபட்சக் கூலியின் வரலாற்றை அரசாங்க வர்த்தமானியில் மாத்திரம் தேடுதல் போதாது. மாலையில் கொழுந்து நிறுக்கும் தராசடியிலும், கணக்கப்பிள்ளையின் ஏட்டிலும் அதனைத் தேடல் வேண்டும். சட்டம் வென்றதா தோற்றதா என்பது அங்கேதான் தெரியும்.