வாயில்லா ஜீவனின் வலி: காயல் துறை முதல் கிண்டி வரை

சென்ற மாதம் ஒரு ஞாயிறு மாலை, பிள்ளைகளை அழைத்துக்கொண்டு பெசன்ட் நகர் கடற்கரைக்குச் சென்றிருந்தோம். சவாரிக் குதிரை ஒன்று வலது முன்னங்காலை மணலில் முழுமையாக ஊன்றாமல் நின்றிருந்தது. "அத்தா, அதுக்குக் கால் வலிக்குதா?" என்று சின்ன மகள் கேட்டாள். குதிரையை நடத்திவந்த பாய் மறைக்கவில்லை. "ஆமாம்மா, நாலு நாளா இருக்கு" என்றவர், எங்களைப் பார்த்து, "பந்தயக் குதிரைன்னா கரண்டு வச்சு வைத்தியம் பாப்பாங்க. நம்ம குதிரைக்கு மஞ்சளும் விளக்கெண்ணெயும்தான்" என்றார்.

கரண்டு வைத்தியம் என்ற அந்தச் சொல் வீடு வரை கூடவே வந்தது. குதிரைக்கும் நம் சமூகத்துக்கும் உள்ள உறவு நெடியது. அந்த உறவில் குதிரையின் உடல்நலம் எந்த இடத்தில் இருந்தது என்று தேடத் தொடங்கினோம். கிடைத்தவற்றுள் பெருமைக்குரியவையும் இருந்தன, தலை குனிய வைப்பவையும் இருந்தன. இரண்டையும் எழுதுகிறோம்.

தமிழகத்துக்குக் குதிரை கடல் வழியாக வந்த செல்வம். காவிரிப்பூம்பட்டினத்தில் கலங்களில் வந்திறங்கிய குதிரைகளைப் பட்டினப்பாலை குறிப்பிடுகிறது. மாணிக்கவாசகர் வரலாற்றில் பாண்டியனின் பணம் குதிரை வாங்கத்தான் சென்றது. சிவபெருமானே குதிரை வணிகராக வந்தார் என்கிறது சைவ மரபு. அருணகிரிநாதர் முருகனை இராவுத்தன் என்றே விளிக்கிறார். குதிரை வீரனைக் குறித்த அந்தச் சொல்தான் இன்று நம்மில் ஒரு பெரும் பிரிவினரின் பெயராக நிற்கிறது. அடுத்த வீட்டாரின் பக்தி இலக்கியத்தில் இடம்பெறும் அளவுக்குக் குதிரையும் இராவுத்தரும் இந்த மண்ணில் ஊறியிருந்தனர்.

இந்த வணிகத்தின் உச்சம் 13ஆம் நூற்றாண்டின் இறுதி. தாமிரபரணி கடலில் கலக்குமிடத்தில் இருந்த காயல் துறைக்கு ஹுர்முஸ், கீஷ், ஏடன் முதலிய இடங்களிலிருந்து மரக்கலங்கள் வந்தன. பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாஃப் இதன் கணக்கையே தருகிறார். கீஷ் தீவின் அதிபர் மலிக்குல் இஸ்லாம் ஜமாலுத்தீன் ஆண்டுதோறும் 1400 குதிரைகளை அனுப்புவதென ஒப்பந்தம் செய்திருந்தார். ஒரு குதிரையின் விலை 220 செம்பொன் தீனார். வழியில் குதிரை இறந்தாலும் விலையைப் பாண்டியனின் கருவூலம் கொடுத்துவிடும். ஜமாலுத்தீனின் சகோதரர் தகியுத்தீன் அப்துர் ரஹ்மான் இக்கரையில் பாண்டியனின் அமைச்சராக இருந்தார். காயல் உள்ளிட்ட துறைகள் அவர் பொறுப்பில் இருந்தன.

காயல்பட்டினம், கீழக்கரை என்று வேர் கொண்ட குடும்பங்களில் இந்தச் செய்தி பெருமையோடு பேசப்படும். நாமும் அப்படிப் பேசியே வளர்ந்தோம். ஆனால் அந்தப் பெருமைப் பேச்சு குதிரையைக் கரையில் இறக்கியதும் நின்றுவிடும். இறங்கிய குதிரைக்குப் பிறகு என்ன ஆயிற்று?

ஏறத்தாழ அதே காலத்தில் இக்கரைக்கு வந்த மார்க்கோ போலோ அதைச் சொல்கிறார். பாண்டிய மன்னர் ஆண்டுக்கு 2000 குதிரைகளுக்கு மேல் வாங்குகிறார், அவருடைய உடன்பிறந்தோரும் அவ்வாறே வாங்குகின்றனர், ஆண்டு முடிவில் நூறு கூட உயிரோடு மிஞ்சுவதில்லை என்கிறார் அவர். எண்ணிக்கையில் பயணியின் மிகை இருக்கலாம். காரணமாக அவர் கூறுவதைத்தான் எளிதில் கடந்துபோக முடியவில்லை. குதிரை வைத்தியம் தெரிந்தவர்கள் இந்நாட்டில் இல்லை. குதிரை விற்கும் வணிகர்கள் அத்தகைய வைத்தியர்களை இங்கே அழைத்து வருவதுமில்லை, வர விடுவதுமில்லை. குதிரைகள் சாகச் சாகத்தானே வணிகம் நடக்கும் என்கிறார்.

இது உண்மையா, துறைமுகத்தில் அவர் காதில் விழுந்த வதந்தியா என்று தீர்ப்புச் சொல்ல வழியில்லை. ஆனால் வழியில் இறந்த குதிரைக்கும் விலை கிடைக்கும் என்ற ஒப்பந்தத்தை வஸ்ஸாஃபே எழுதியிருக்கும்போது, குதிரையின் உயிரைக் காப்பதில் விற்பவருக்குப் பொருள் நோக்கில் அக்கறை குறைவாகவே இருந்திருக்கும் என்று ஊகிப்பதில் தவறில்லை. அந்த வணிகர்கள் நம்மவர்கள். அதனால்தான் இந்தப் பக்கத்தை நாம் புரட்டாமல் விட்டோமோ என்னவோ.

குதிரைகள் இறந்த விதத்தை வஸ்ஸாஃப் இன்னும் விளக்குகிறார். கொள்ளும் புல்லும் போடவேண்டிய இடத்தில் வறுத்த வாற்கோதுமையும், நெய்யில் புரட்டிய தானியமும், காய்ச்சிய பசும்பாலும் கொடுத்தார்களாம். மார்க்கோ போலோவோ இறைச்சி கலந்த சோறு கொடுத்ததாகச் சொல்கிறார். கொழுக்க வேண்டும் என்று 40 நாள் முளையடித்துக் கயிற்றால் இறுகக் கட்டி வைத்து, பின்பு பழக்காமலே, அங்கவடி கூட இல்லாமல், ஏறி விரட்டினார்களாம். இன்றைய கால்நடை மருத்துவர் எவரிடமும் இதைச் சொல்லிப் பாருங்கள், தலையில் கை வைத்துக்கொள்வார். குதிரையின் குடல் நாரை மெல்ல மெல்லச் செரிப்பதற்கென அமைந்தது. மாவுச்சத்து மிகுந்தால் வயிற்றுச் சூலை வரும். குளம்பினுள் அழற்சி ஏற்பட்டு நிற்கவும் முடியாமல் போகும். வெப்பநாட்டுக்குப் புதிதாக வந்த குதிரைகளுள் சில வியர்க்கும் திறனையே இழந்துவிடும். வியர்க்காத குதிரை ஓடினால் உள்ளே வெந்து போகும். இவற்றோடு ஈ கடித்துப் பரவும் சர்ரா நோயும் உண்டு. அந்நோயின் கிருமியை கிரிஃபித் எவன்ஸ் என்ற கால்நடை மருத்துவர் 1880இல்தான் கண்டுபிடித்தார். ஆகவே எல்லாப் பழியையும் வணிகர் மேலோ லாயக்காரர் மேலோ போடுவதும் நியாயமன்று.

அந்த 40 நாள் கணக்கைப் படித்தபோது வேறொரு 40 நாள் நினைவுக்கு வந்தது. குதிரையைப் பந்தயத்துக்கு ஆயத்தம் செய்வதை அரபியர் தள்மீர் என்பர். முதலில் நன்கு தீனி கொடுத்துத் தேற்றுவார்கள். பிறகு அளவைக் குறைத்து, போர்வை போர்த்தி வியர்க்கச் செய்து, வீண் சதை கரைந்து உடல் இறுகும்வரை படிப்படியாகப் பழக்குவார்கள். இதற்கு 40 நாள் என்று அரபு அகராதி நூல்கள் குறிக்கின்றன. நபி (ஸல்) அவர்கள் நடத்திய குதிரைப் பந்தயத்தைப் பற்றி இப்னு உமர் (ரலி) அறிவிக்கும் ஹதீஸ் புகாரியில் உள்ளது. பழக்கப்பட்ட குதிரைகளுக்கு ஹஃப்யா என்னுமிடத்திலிருந்து ஸனிய்யத்துல் வதா வரை, அதாவது ஐந்தாறு மைல். பழக்கப்படாத குதிரைகளுக்கு அங்கிருந்து பனூ ஸுரைக் பள்ளிவாசல் வரை, ஒரு மைல் மட்டும். உடல் தாங்கும் அளவுக்கே ஓட்டம் என்பது அங்கே பந்தயத்தின் விதியாகவே இருந்தது. மதீனாவில் 40 நாள் குதிரையை ஓட்டத்துக்குத் தகுதியாக்கியது. மதுரையில் அதே 40 நாள் அதைக் கொன்றது.

குதிரை வைத்தியத்தை அரபியர் பைதரா என்ற தனிக் கலையாகவே வளர்த்தனர். 9ஆம் நூற்றாண்டில் பாக்தாதில் இப்னு அகீ ஹிஸாம் அதைப் பற்றி நூல் எழுதினார். மூலிகை அறிஞர் இப்னுல் பைதார் பெயரே குதிரை வைத்தியரின் மகன் என்றுதான் பொருள்படும். நம் நாட்டிலும் அறிவு இல்லாமலில்லை. சாலிஹோத்திரர் பெயரிலும் நகுலன் பெயரிலும் வடமொழியில் அசுவ சாஸ்திரங்கள் உண்டு. தஞ்சை சரசுவதி மகால் நூலகம் நகுலனின் நூலைப் பதிப்பித்தும் உள்ளது. ஏடுகளில் இருந்த அறிவு காயல் துறையின் லாயங்களுக்கு வந்து சேரவில்லை, அவ்வளவுதான்.

இனி அந்தக் கரண்டு வைத்தியத்துக்கு வருவோம். இது புதுமை போலத் தோன்றினாலும் வேர் பழையது. மின்மீனைத் தலையில் வைத்துத் தலைவலியைப் போக்குவது பற்றி முதல் நூற்றாண்டு ரோம மருத்துவர் ஸ்கிரிபோனியஸ் லார்கஸ் எழுதினார். அம்மீனுக்கு அரபியில் ரஆத் என்று பெயர். குர்ஆனின் 13ஆம் அத்தியாயமான அர்ரஅத், அதாவது இடி, பிறந்த அதே வேர்ச்சொல். 1831இல் ஃபாரடே மின்தூண்டலைக் கண்டறிந்தபின், அத்தகைய மின்னோட்டத்தால் தசைகளை இயக்கும் முறையை பிரான்சில் டுஷேன் என்ற மருத்துவர் மனிதர்களிடம் வளர்த்தெடுத்தார். 20ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் இங்கிலாந்தில் சார்லஸ் ஸ்ட்ராங் என்ற இயன்முறை மருத்துவர் அதைக் குதிரைகளுக்குக் கொண்டுவந்தார்.

செய்முறை எளிது. உலர்ந்த ரோமம் மின்சாரத்தைத் தடுக்கும் என்பதால் இடத்தை நன்கு நனைத்து, முதுகில் ஒரு பட்டையும் நோவுள்ள தசையின் மேல் மற்றொன்றும் வைப்பார்கள். மின்னோட்டத்தை மெல்ல ஏற்றி இறக்கும்போது தசை தானாகச் சுருங்கி விரியும். நாளடைவில் மெலிந்த தசை தேறும். தேர்ந்த கைக்கு இது நோயறியும் கருவியும்கூட. நல்ல தசையில் அமைதியாக நிற்கும் குதிரை, நோவுள்ள தசையைத் தொட்டதும் சிலிர்த்துக் காட்டிக்கொடுத்துவிடும். வேறு சில கருவிகள் தோலின் நரம்புகளைத் தூண்டி வலியுணர்வை மட்டும் மட்டுப்படுத்துகின்றன. கம்பிச் சுருள் தைத்த போர்வையைப் போர்த்தி, விட்டுவிட்டுத் துடிக்கும் காந்தப்புலத்தைச் செலுத்தும் முறையும் இன்று பந்தய உலகில் பரவியிருக்கிறது. மனிதர்களில் சேராத எலும்பு முறிவுகளுக்கு அத்தகைய காந்தப்புலச் சிகிச்சையை 1979இல் அமெரிக்க அரசு ஏற்றது. குதிரைகளிடம் அதன் பயனுக்கான ஆய்வுச் சான்று இன்னும் மெலிந்தே இருக்கிறது. விற்பவர்களின் விளம்பரமோ நன்கு கொழுத்திருக்கிறது.

வலியைக் குறைப்பதும் நோயைக் குணமாக்குவதும் ஒன்றல்ல. வலி குதிரையின் காவல். தசைநாண் கிழிந்த காலை அது ஊன்றாமல் இருப்பதே அந்தக் கால் பிழைப்பதற்காகத்தான். அந்த வலியை அணைத்துவிட்டு ஓடவிட்டால், குதிரை முழு வேகத்தில் ஓடும். கால் முறியும்வரை ஓடும். இதை உணர்ந்துதான் சர்வதேசக் குதிரையேற்ற விளையாட்டுக் கூட்டமைப்பு, அதிர்வலைச் சிகிச்சையைப் போட்டியின்போதும் அதற்கு முந்தைய ஐந்து நாட்களிலும் தடை செய்திருக்கிறது. அது மின்சிகிச்சை அன்று, ஒலியலை. ஆனால் சில நாட்களுக்கு வலியை மரக்கச் செய்யும் தன்மை அதற்கு உண்டு.

அன்ஸாரித் தோழர் ஒருவரின் தோட்டத்தில் ஓர் ஒட்டகம் நபி (ஸல்) அவர்களைக் கண்டு கண்ணீர் விட்ட செய்தி அபூதாவூதில் உள்ளது. அதன் தலையைத் தடவி அமைதிப்படுத்திய பின், உன்னைப் பற்றி இது முறையிடுகிறது, பசியில் போட்டு ஓயாமல் வேலை வாங்குகிறாய் என்று உரிமையாளரை அவர்கள் கண்டித்தார்கள். வாயில்லா ஜீவனின் முறையீட்டுக்குச் செவி கொடுத்த மரபு இது. அந்த முறையீட்டு ஒலியையே அணைத்துவிடும் கருவி நம் காலத்தில் வந்திருக்கிறது. குணமாக்கும் கருவியும் அதுவே என்பதுதான் சிக்கல். குதிரையின் வாலையும் பிடரியையும் வெட்டாதீர்கள், வால் அதற்கு ஈயோட்டி, பிடரி அதற்குக் கதகதப்பு என்ற கருத்திலும் அதே நூலில் ஓர் அறிவிப்பு உண்டு. அதன் அறிவிப்பாளர் வரிசை குறித்து அறிஞர்களிடையே பேச்சு உண்டு. என்றாலும் சர்ரா நோயை நினைத்துக்கொண்டு படிக்கையில் மனம் சற்று நின்றே நகர்கிறது.

நம் நகரில் இந்தக் கதையின் இடங்கள் அருகருகே உள்ளன. சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரி 1903இல் சைதாப்பேட்டையின் டாபின் ஹால் என்ற கட்டடத்தில் 20 மாணவர்களுடன் தொடங்கி, பின்னர் வேப்பேரிக்குச் சென்றது. மயிலாப்பூரில் ஜட்கா வண்டிகள் ஓடிய காலம் அது. ஜட்கா ஓட்டியவர்களிலும் லாடம் அடித்தவர்களிலும் நம்மவர் பலர். கிண்டியில் பந்தய ஓட்டம் 18ஆம் நூற்றாண்டிலேயே தொடங்கிவிட்டது. மெட்ராஸ் ரேஸ் கிளப் 1896இல் அமைந்தது. சூதாட்டம் நமக்கு ஹராம் என்பதால் அந்த மதிலுக்கு உள்ளே நடப்பதை நம் வீடுகளில் பேசுவதே இல்லை. குதிரைப் பந்தயம் திறமை சார்ந்தது, சூதாட்டமன்று என 1996இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. அது நாட்டின் சட்டம், மார்க்கத்தின் நிலை வேறு. 1945இல் குத்தகைக்குக் கொடுத்த சுமார் 160 ஏக்கர் நிலத்தை 2024 செப்டம்பரில் அரசு மீட்டுக்கொண்டபோது செய்திகளில் நிலமும் வாடகைப் பாக்கியும்தான் பெரிதாகப் பேசப்பட்டன. பந்தயத்தை விலக்குவது கடமை. ஆனால் அதில் ஓடும் பிராணியின் வலியும், அதைத் தேய்த்துக் குளிப்பாட்டும் சைஸின் பிழைப்பும் நம் பேச்சிலிருந்து சேர்ந்தே விலகிவிட்டன. சைஸ் என்ற சொல்லே அரபியிலிருந்து வந்தது. பிராணியைப் பராமரிப்பவர் என்று பொருள்.

இதையெல்லாம் படித்த சூட்டோடு இரண்டு வாரம் கழித்து மீண்டும் கடற்கரைக்குப் போனோம். வேப்பேரியில் கால்நடை மருத்துவமனை இருக்கிறது, அங்கே குதிரையைக் காட்டலாம் என்று பாயிடம் சொல்ல எண்ணியிருந்தோம். சொல்லத் தொடங்கியதும் சிரித்தார். "காட்டியாச்சு. வண்டிக்கு யாரு காசு குடுக்கிறது? ஃபஜ்ருக்கு முந்தியே நடத்தியே கூட்டிட்டுப் போனேன். ஒரு மாசம் சவாரி கூடாதுன்னுட்டாங்க." அவர் கையில் குதிரை இல்லை, பலூன் கட்டிய மூங்கில் கழி ஒன்று இருந்தது. மகள் இரண்டு பலூன் வாங்கிக்கொண்டாள்.