கோச்சியும் கப்பலும்: நம்மவர் நாகூர் போன வழி



இந்தியாப் பயணம் என்றதும் இன்று நமக்குக் கட்டுநாயக்காதான் ஞாபகம் வருகிறது. ஒரு காலத்தில் அந்தப் பயணத்தை நம்மூர்க் கோச்சியிலேயே தொடங்கலாம்.

1914இல் தலைமன்னார் - தனுஷ்கோடி கப்பல் ஓடத் தொடங்கியது. 1928இல் மட்டக்களப்புக்கு ரயில் வந்தது. புளியந்தீவுக் குடும்பமொன்று மாகோ, அநுராதபுரம், மதவாச்சி வழியாகத் தலைமன்னார் போய், கடலைக் கடந்து, தனுஷ்கோடியில் மறுபடி ரயிலேறலாம். பிள்ளை குட்டி, மூட்டை முடிச்சோடு தரையாலும் கடலாலும் போகும் பயணம்.

அக்கரையில் நம்மவரை இழுத்தது நாகூர். சாகுல் ஹமீது நாயகத்தின் தர்ஹாவில் ஐந்து மினாராக்கள். மிக உயர்ந்தது 131 அடி. அதைக் கட்டிக்கொடுத்தவர் தஞ்சை மராட்டிய மன்னர் பிரதாப் சிங். ஸியாரத் முடிந்தால் கடைத்தெரு: அங்கேயே சாப்பிட வாடா, வீட்டுக்குக் கட்டிக்கொண்டு வரத் தம்ரூட். அந்த நாயகத்தின் நினைவாகவே கல்முனைக் கடற்கரைப் பள்ளியில் இன்றும் கொடியேறுகிறது.

1964 டிசம்பர் 22 இரவு அடித்த சூறாவளி தனுஷ்கோடியை அழித்தது. ஒரு ரயிலையே பயணிகளோடு கடல் கொண்டுபோனது. பிறகு இராமேஸ்வரத்துக்கு ஓடிய கப்பலும் 1980களில் யுத்தத்தோடு நின்றது. 2023 ஒக்டோபரில் நாகப்பட்டினம் - காங்கேசன்துறைக் கப்பல் வந்தது. நாகையிலிருந்து நாகூர் கூப்பிடு தூரம்தான்.

பாலமும் கப்பலும் புத்தகத்தில் இருக்கின்றன. யார் யாரோடு போனார்கள், என்ன வாங்கி வந்தார்கள் என்பது நமது மூத்தம்மாமாரிடம்தான் இருக்கிறது. கேட்டு எழுதி வைப்போம். பழைய டிக்கட், பாஸ்போட் கிடைத்தால் வீசிவிடாதீர்கள்.