முன்னமைவு வடிவங்களும் தேர்தல் சின்னங்களும்: பெரியகுளம் வட்டாரத்தை முன்வைத்து ஒரு வரலாற்று நோக்கு

ஆய்வுச்சுருக்கம்

படத்தொகுப்பு மென்பொருள்களில் ஒருமுறை வரைந்து சேமித்துப் பலமுறை எடுத்தாளப்படும் திசையன் வடிவங்கள் முன்னமைவு வடிவங்கள் எனப்படுகின்றன. அச்சுக்கூடத்தின் வார்ப்புத் துண்டு, உலோக பிளாக், சுவர் எழுத்தாளரின் ஸ்டென்சில் ஆகியவற்றின் தொடர்ச்சியாக இவற்றைக் கருதலாம். தமிழகத்தில் இவ்வடிவங்கள் மிகுதியாகப் புழங்கும் களங்களுள் ஒன்று தேர்தல் விளம்பரம். தேனி மாவட்டம், பெரியகுளம் வட்டத்து ஜெயமங்கலத்தைச் சூழ்ந்த தேர்தல் களங்களையும், அவ்வட்டாரத்தோடு தொடர்புடைய 1989, 2017 ஆகிய ஆண்டுகளின் சின்ன மாற்றங்களையும் சான்றாகக் கொண்டு, கருவி மாறியபோது சின்னத்திற்கும் அதன் மூலத்திற்கும் உள்ள உறவு எவ்வாறு மாறியது என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: திசையன் வடிவம், முன்னமைவு, தேர்தல் சின்னம், ஸ்டென்சில், ஃபிளக்ஸ் பதாகை, பெரியகுளம், ஆவணப்படுத்தல்

முன்னுரை

தமிழ் அச்சு வரலாறு குறித்த ஆய்வுகள் பெரும்பாலும் எழுத்துருவையும் நூலையும் மையமாகக் கொண்டவை. எழுத்தல்லாத வடிவங்கள், அதாவது நூலின் ஓரத்துப் பூவேலை, அழைப்பிதழின் குத்துவிளக்கு, துண்டறிக்கையின் தேர்தல் சின்னம் முதலியன, அவ்வாய்வுகளில் ஓரத்திலேயே நிற்கின்றன. ஆயினும் வாக்காளர் ஒருவர் தம் வாழ்நாளில் அதிக முறை கண்ட அச்சு வடிவங்களுள் தேர்தல் சின்னமும் ஒன்றாக இருக்கும். எழுத்தறியாதவரும் 'படித்த' அச்சுப்பொருள் அது.

ஜெயமங்கலம் பெரியகுளம் வட்டத்தைச் சேர்ந்த ஊர். 1996இல் மதுரை மாவட்டத்திலிருந்து தேனி மாவட்டம் பிரிக்கப்பட்டது. அதற்கு முன்னும் பின்னும், 2008 தொகுதி மறுசீரமைப்பு வரை, இவ்வூர் பெரியகுளம் மக்களவைத் தொகுதியின் எல்லைக்குள் இருந்தது. ஊருக்குத் தெற்கே ஆண்டிபட்டியும் தென்மேற்கே போடிநாயக்கனூரும் உள்ளன. தமிழகத் தேர்தல் வரலாற்றில் முதன்மைத் தலைவர்கள் நேரடியாகப் போட்டியிட்ட தொகுதிகள் இவை. ஆகவே சின்னம் பிளவுபட்டதும் மாறியதும் இவ்வட்டாரத்து வாக்காளருக்கு அண்டை வீட்டுச் செய்தி. திசையன் வடிவத்தின் வரலாற்றை இங்கிருந்து நோக்குவதற்கு இதுவே காரணம்.

வார்ப்புத் துண்டிலிருந்து திசையன் வடிவம் வரை

ஈய எழுத்தைக் கோக்கும் அச்சுக்கூடங்களில், எழுத்துகளோடு அலங்காரத் துண்டுகளும் அறைப்பெட்டிகளில் இருந்தன. ஒரே பூவைப் பக்கத்தின் நான்கு புறமும் அடுக்கினால் பார்டர் உருவாகும். வார்ப்பில் இல்லாத படம் தேவைப்பட்டால், கோட்டோவியத்தைத் துத்தநாகத் தகட்டில் அமிலத்தால் அரித்தெடுத்து, மரக்கட்டையில் பொருத்தி பிளாக் செய்வர். கோடும் நிறைந்த கருமையும் மட்டுமே இதில் பதியும். சாயல் வேறுபாடுகளுக்கு இடமில்லை. எனவே பிளாக்கிற்கு ஏற்ற வடிவம் தெளிவான புறக்கோடு கொண்டதாக இருக்க வேண்டியிருந்தது.

கணினியில் இக்கருத்து 1963இல் தோன்றியது. மாசசூசெட்ஸ் தொழில்நுட்ப நிறுவனத்தில் ஐவன் சதர்லாந்து தம் முனைவர் பட்டத்திற்காக உருவாக்கிய 'ஸ்கெட்ச்பேட்' என்னும் நிரலில், ஒரு 'மூல' வரைவையும் அதன் 'நேர்வுகளையும்' தனித்தனியே கையாள முடிந்தது. மூலத்தைத் திருத்தினால் நேர்வுகள் அனைத்தும் தாமே திருந்தின. அதே காலத்தில் பிரான்சின் மோட்டார் வாகன நிறுவனங்களில் பணியாற்றிய பால் தெ காஸ்தெல்ஜோவும் பியர் பெசியேவும் வளைகோடுகளைச் சில கட்டுப்பாட்டுப் புள்ளிகளால் வரையறுக்கும் கணிதத்தை வளர்த்தனர். இன்று திசையன் வடிவம் ஒவ்வொன்றும் இவ்வளைகோடுகளாலேயே ஆனது.

1984இல் போஸ்ட்ஸ்கிரிப்ட், 1987இல் இல்லஸ்ட்ரேட்டர், 1989இல் கோரல் டிரா என இக்கணிதம் அச்சுத் தொழிலுக்குள் நுழைந்தது. 1990இல் வெளிவந்த ஃபோட்டோஷாப் படப்புள்ளிகளைக் கையாளும் மென்பொருள். அதன் ஆறாம் பதிப்பிலேயே (2000) திசையன் வடிவக் கருவியும், அதனுள் 'தனிப்பயன் வடிவம்' என்னும் பிரிவும் சேர்க்கப்பட்டன. அம்பு, இதயம், பேச்சுக் குமிழி, விலங்கு, இசைக்குறி எனச் சில தொகுதிகள் மென்பொருளுடனேயே வந்தன. அவற்றின் அலங்காரத் தொகுதியில் பிரெஞ்சு அரச மரபின் அல்லி முத்திரை இருந்தது. குத்துவிளக்கும் நிறைகுடமும் இல்லை. தமிழ்நாட்டு வடிவமைப்பாளர் தமக்கு வேண்டியவற்றைத் தாமே வரைந்து சேர்க்க வேண்டியிருந்தது.

நிறுவுதலும் மாற்றியமைத்தலும்

புதிய வடிவத்தைச் சேர்க்கும் முறை எளியது. காகிதத்திலுள்ள படத்தை வருடியெடுத்து, பேனாக் கருவியால் அதன் புறக்கோட்டைப் பாதையாக வரைய வேண்டும். 'தனிப்பயன் வடிவமாக வரையறு' என்னும் கட்டளையால் அதற்குப் பெயரிட்டால் அது பட்டியலில் இடம்பெறும். பட்டியலைச் சி.எஸ்.எச். என்னும் கோப்பாகச் சேமித்து மற்றொரு கணினியில் ஏற்றலாம். முன்னைய பதிப்புகளில் இதனை முன்னமைவு மேலாளர் வழியாகச் செய்தனர். 2019 இறுதியில் வந்த பதிப்பு முதல் வடிவங்களுக்கெனத் தனிப் பலகம் உள்ளது.

வடிவங்களை ஆக்குவதிலும் சிக்கனம் உண்டு. உதயசூரியனுக்கு ஒரு கதிரை வரைந்து, மையத்தைச் சுற்றிச் சுழற்றி நகலெடுத்தால் போதும். வட்டத்தின் கீழ்ப்பகுதியை மலைகளின் வடிவத்தால் கழித்துவிடலாம். இரட்டை இலைக்கு ஓரிலையை வரைந்து, கண்ணாடிப் பிம்பமாகத் திருப்பிச் சற்றே திருத்தலாம். கூட்டல், கழித்தல், வெட்டு என்னும் கணச் செயல்களே இங்குக் கத்தரியும் பசையுமாகின்றன.

இதன் பயன் பதாகையில் தெளிவாகும். 10 அடி நீளப் பதாகையை அங்குலத்திற்கு 72 புள்ளிகள் என்னும் அளவில் அமைத்தால் நீளவாக்கில் 8640 படப்புள்ளிகள் வேண்டும். அதில் 2 அடி அகலச் சின்னத்திற்கு மட்டும் 1728 புள்ளிகள் தேவை. 300 புள்ளி அகலமுள்ள படத்தை அவ்வளவுக்குப் பெருக்கினால் ஓரங்கள் படிக்கட்டுகளாக உடையும். திசையன் வடிவமோ எவ்வளவு பெரிதாக்கினும் கூர்மை கெடாது.

ஆனால் ஸ்கெட்ச்பேடின் கருத்தாக்கத்திலிருந்து ஃபோட்டோஷாப் முன்னமைவு ஓரிடத்தில் விலகுகிறது. பட்டியலிலிருந்து எடுத்துப் படத்தில் இட்ட வடிவத்திற்கும் பட்டியலிலுள்ள வடிவத்திற்கும் அதன்பின் தொடர்பில்லை. பட்டியலில் உள்ளதைத் திருத்தினாலும் நீக்கினாலும் முன்பு இட்டவை மாறுவதில்லை. இட்ட வடிவத்தின் புள்ளிகளை இழுத்து மாற்றினாலும் பட்டியல் அதனை அறியாது. முன்னமைவு வடிவம் மூலத்திலிருந்து அறுந்த நகல். கோப்பு கடைக்குக் கடை கைமாறும்போது ஒவ்வொரு நகலும் தன் வழியே திரியும். தேர்தல் சின்னத்தின் இயல்போ இதற்கு நேரெதிரானது.

சின்னமும் அதன் மூலமும்

1951–52 முதற்பொதுத்தேர்தலில் வேட்பாளர் ஒவ்வொருவருக்கும் சின்னம் ஒட்டிய தனி வாக்குப்பெட்டி வைக்கப்பட்டது. மக்களுள் பெரும்பாலோர் எழுத்தறியாதிருந்த நாட்டில் வடிவமே பெயராயிற்று. தேர்தல் ஆணையத்தில் வரைஞராகப் பணியாற்றி 1992இல் ஓய்வுபெற்ற எம். எஸ். சேத்தியின் பென்சில் கோட்டோவியங்கள் சின்னங்கள் பலவற்றுக்கு மூலமாயின. 1968ஆம் ஆண்டின் தேர்தல் சின்னங்கள் (ஒதுக்கீடு) ஆணை, கட்சிகளுக்கு உரிய சின்னங்களையும் எவரும் கோரத்தக்க சின்னங்களையும் வகைப்படுத்தியது. கட்சி பிளவுபட்டால் சின்னம் யாருக்கு என்பதை முடிவு செய்யும் அதிகாரத்தை அதன் 15ஆம் பத்தி ஆணையத்திற்கு அளிக்கிறது. சுருங்கக் கூறின், சட்டத்தின் பார்வையில் சின்னத்திற்கு ஒரு மூலமும் அதனைக் காக்கும் ஓர் அதிகாரமும் உண்டு.

1972இல் தொடங்கப்பட்ட அண்ணா திராவிட முன்னேற்றக் கழகம், 1973 மே மாதத்துத் திண்டுக்கல் மக்களவை இடைத்தேர்தலில் இரட்டை இலையில் நின்று வென்றது. ஒரு காம்பும் இரண்டு இலைகளும் கொண்ட அவ்வடிவம் பிளாக்கிலும் ஸ்டென்சிலிலும் சுண்ணாம்புச் சுவரிலும் ஒருங்கே பொருந்தக்கூடிய எளிய புறக்கோடு. கை நடுங்கினும் இலை இலையாகவே தெரியும். சுவர் எழுத்தாளரின் கை வேறுபாடுகள் மூலத்தைக் குலைக்காமல் அதனைச் சுற்றியே நின்றன.

1989: சேவலும் இரட்டைப்புறாவும்

எம்.ஜி.ஆர். 1984இல் வென்ற தொகுதி ஆண்டிபட்டி. 1987இல் அவர் மறைந்தபின் கட்சி இரண்டாகப் பிரிந்தது. இரட்டை இலை முடக்கப்பட்ட நிலையில், 1989 ஜனவரி 21 அன்று நடைபெற்ற சட்டமன்றத் தேர்தலில் ஜெயலலிதா அணி சேவலிலும் ஜானகி அணி இரட்டைப்புறாவிலும் நின்றன. ஜெயலலிதா போட்டியிட்டது போடிநாயக்கனூரில். ஜானகி போட்டியிட்டது ஆண்டிபட்டியில். முன்னவர் வென்றார், பின்னவர் தோற்றார். ஜெயமங்கலத்தினின்று பேருந்துத் தொலைவுக்குள் உள்ள இரு களங்களில், அதுவரை ஒன்றாயிருந்த சின்னத்தின் இடத்தில் இரு பறவைச் சின்னங்கள் எதிரெதிரே நின்றன.

இம்மாற்றத்தின் சுமை பருப்பொருள் சார்ந்தது. இரட்டை இலைக்கெனச் செய்து வைத்த பிளாக்குகளும் ஸ்டென்சில் அட்டைகளும் அத்தேர்தலுக்குப் பயன்படாதவையாயின. சேவல் இலையைப் போல எளிய வடிவமன்று. கொண்டையும் வாலிறகும் காலும் சேர்ந்தால்தான் அது சேவலாகும். இரட்டைப்புறாவில் இரண்டு உருவங்களின் இடைவெளியும் காக்கப்பட வேண்டும். ஸ்டென்சில் வெட்டுவோர் உட்பகுதி உதிர்ந்துவிடாதிருக்க இடையிடையே பாலம் விட வேண்டும். இத்தகைய வடிவத்தைச் சில வாரங்களுக்குள் கண்ணுக்குப் பழக்குவது கைத்திறன் உள்ளவர்களை நம்பியே நடந்தது. அத்தேர்தலுக்குப் பின் அணிகள் இணைய, இரட்டை இலை மீண்டது.

2017: மின்கம்பமும் தொப்பியும்

இரண்டாம் முடக்கம் 2017 மார்ச்சில், சென்னை ஆர்.கே. நகர் இடைத்தேர்தலை ஒட்டி நேர்ந்தது. களம் சென்னையாயினும் ஓரணியின் தலைவர் பெரியகுளத்தைச் சேர்ந்த ஓ. பன்னீர்செல்வம். அவ்வணிக்கு மின்கம்பமும் டி.டி.வி. தினகரனுக்குத் தொப்பியும் ஒதுக்கப்பட்டன. இப்போது பிளாக்கோ ஸ்டென்சிலோ தடையில்லை. ஒருவர் வரைந்த வடிவக் கோப்பு ஒரே நாளில் எத்தனை கடைகளுக்கும் சென்றுவிடும்.

தடை நீங்கியபோது புதிய சிக்கல் எழுந்தது. இரு விளக்குகள் கொண்ட மின்கம்பத்தை இரட்டை இலையை ஒத்த தோற்றத்தில் காட்டிப் பன்னீர்செல்வம் அணியினர் வாக்குக் கேட்கின்றனர் என்று எதிரணி தேர்தல் ஆணையத்திடம் முறையிட்டது. காம்பின் இடத்தில் கம்பமும் இலைகளின் இடத்தில் விளக்குகளும் அமையும் இவ்வொப்புமை, திசையன் வடிவத்தில் சில புள்ளிகளின் இடப்பெயர்ச்சி மட்டுமே. இங்குத் தனிப்பயனாக்கல் என்பது அலங்காரம் அன்று, அரசியல் உரிமைக்கோரல். முடக்கப்பட்ட சின்னத்தை ஒதுக்கப்பட்ட சின்னத்தின் புறக்கோட்டுக்குள் நினைவூட்டும் முயற்சியாகவே அது எதிர்க்கப்பட்டது. 1989இல் சேவலைப் புறாவாக்க எவராலும் இயலாது. 2017இல் ஒரு வடிவம் மற்றொன்றை நோக்கி எத்தனை புள்ளிகள் நகரலாம் என்பதே வழக்காயிற்று.

அவ்விடைத்தேர்தல் ஏப்ரலில் நிறுத்தப்பட்டது. நவம்பரில் இரட்டை இலை பழனிசாமி–பன்னீர்செல்வம் ஒருங்கிணைந்த அணிக்கு வழங்கப்பட்டது. டிசம்பரில் சுயேச்சையாகப் பிரஷர் குக்கர் சின்னத்தில் நின்ற தினகரன் வென்றார். சில வாரங்களுக்கு முன்வரை அரசியல் பொருளற்றிருந்த ஒரு வடிவம் மிகக் குறைந்த காலத்தில் வாக்காளர் மனத்தில் பதிந்தமைக்குப் பல காரணங்கள் உண்டு. வடிவப் பெருக்கத்தின் எளிமையும் அவற்றுள் ஒன்றாக எண்ணத்தக்கது. 2024இல் அவர் தேனி மக்களவைத் தொகுதியில் அதே குக்கரில் நின்று உதயசூரியனிடம் தோற்றார். அதே தேர்தலில் பன்னீர்செல்வம் இராமநாதபுரத்தில் பலாப்பழச் சின்னத்தில் சுயேச்சையாக நின்றார். அங்கு அவர் பெயர் கொண்ட வேறு வேட்பாளர்களும் களத்தில் இருந்தனர். பெயரால் வேறுபடுத்த இயலாத நிலையில் வேட்பாளரைக் காட்டும் பொறுப்பு மீண்டும் வடிவத்தின்மேல் விழுந்தது.

ஆவணச் சிக்கல்

1951ஆம் ஆண்டின் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம், 127 அ பிரிவின்படி, தேர்தல் துண்டறிக்கையிலும் சுவரொட்டியிலும் அச்சிடுவோர், வெளியிடுவோர் பெயர்களும் முகவரிகளும் இடம்பெற வேண்டும். அச்சிட்ட தாளுக்கு இவ்வாறு ஒரு தடம் உண்டு. அதில் அமைந்த வடிவத்தை வரைந்தவருக்கு அத்தகைய தடம் இல்லை. வடிவக் கோப்பு தனக்கிட்ட பெயரையும் கோடுகளையும் ஏந்துமேயன்றி, அது எவர் கையில் எத்தனை முறை திருத்தப்பட்டது என்பதைக் கூறாது.

மென்பொருள் பதிப்பு மாறும்போது நூலகமும் மாறுகிறது. 2019 பதிப்பில் பழைய வடிவத் தொகுதிகள் 'மரபு வடிவங்கள்' என்னும் பெயரில் பின்னொதுக்கப்பட்டன. பயனரே அவற்றைத் தேடிச் சேர்க்க வேண்டும். தேய்ந்த பிளாக்கைப் பழைய அச்சுக்கூடத்தின் மூலையில் இன்றும் கண்டெடுக்கலாம். பதாகைக் கடையின் வட்டு பழுதானால் அதிலிருந்த வடிவங்கள் எச்சமின்றி மறையும். ஃபிளக்ஸ் பதாகையும் தேர்தல் முடிந்ததும் கூரைத் தடுப்பாகவோ களத்து விரிப்பாகவோ மாறிவிடுகிறது.

முடிவுரை

முன்னமைவு வடிவம் அச்சுக்கூட மரபின் தொடர்ச்சியே எனினும், ஓர் அடிப்படை வேறுபாடு உடையது. பிளாக்கும் ஸ்டென்சிலும் மாற்றுவதற்கு அரியவை. ஆதலால் மூலத்தைத் தம் இயல்பாலேயே காத்தன. திசையன் வடிவம் மாற்றுவதற்கு எளியது. ஆதலால் மூலத்தைக் காக்கும் பொறுப்பு கருவியிலிருந்து சட்டத்திற்கு இடம்பெயர்ந்தது. 1989இன் இடர்ப்பாடு புதிய வடிவத்தை ஆக்குவதில் இருந்தது. 2017இன் இடர்ப்பாடு ஆக்கிய வடிவத்தை அதன் எல்லைக்குள் நிறுத்துவதில் இருந்தது.

தேர்தல் வரலாற்றை வாக்கு எண்ணிக்கையாலும் மேடைப் பேச்சாலும் எழுதும் ஆய்வாளர்கள் வடிவக் கோப்புகளையும் முதன்மைச் சான்றுகளாகக் கொள்ள வேண்டியுள்ளது. பெரியகுளம், தேனி, கம்பம் பகுதிப் பதாகைக் கடைகளிலுள்ள கோப்புகளை, உருவான நாள், மென்பொருள் பதிப்பு, பயன்பட்ட தேர்தல் ஆகிய குறிப்புகளோடு, திறந்த வடிவமான எஸ்.வி.ஜி.க்கு மாற்றித் தொகுப்பது பல்கலைக்கழகத் துறை ஒன்றின் ஆற்றலுக்குள் அடங்கும் பணி. எஞ்சியிருக்கும் பிளாக்குகளையும் ஸ்டென்சில்களையும் அவற்றோடு ஒப்பிட்டால், ஒரே சின்னம் அரை நூற்றாண்டில் எவ்வெப்புள்ளிகளில் நகர்ந்தது என்பதை அளந்தே காட்ட இயலும்.